துரை சொன்ன அளவு

"நாலு குடுப்பாரானு கேளுக்கா. ரெண்டு முழுங்கினா இப்பல்லாம் கண்ணே அசர மாட்டேங்குது."

ஏரிக்கு நடுவிலுள்ள பசியாவரம் தீவின் மீனவன் சகாதேவன் இப்படிக் கேட்டதும், பக்கத்தில் நின்ற அவன் மனைவி வேலம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் வைத்தியத் துரையின் அறை அது. துரைக்குத் தமிழ் தெரியாது. வந்தவர்களுக்கு ஒல்லாந்து மொழி தெரியாது. நடுவில் நின்று பேசியவள் பிலோமினா. சின்ன வயதிலிருந்தே கோட்டைச் சமையற்கட்டில் வேலை பார்த்ததில் அந்த மொழி அவளுக்கு நன்றாகப் படிந்திருந்தது.

போன வருஷப் புயலில் தம்பியைக் கடல் கொண்டுபோனதிலிருந்து சகாதேவனுக்குத் தூக்கம் போயிற்று. துரை கொடுத்த அபின் மாத்திரையைப் போட்டுக்கொண்ட முதல் நாளே அடித்துப்போட்டாற்போல் தூங்கினான். சில மாதங்களில் ஒன்று போதவில்லை. இரண்டானது. இப்போது ராத்திரி முழுக்க விழிப்பு, பகலெல்லாம் மயக்கம்.

"முந்தாநாள் முகத்துவாரத்துல வலை போடறப்போ தூங்கித் தண்ணியில வுழுந்துட்டாருக்கா," என்றாள் வேலம்மா. "எங்கண்ணன் முடியைப் புடிச்சித் தூக்கலைனா அவ்ளோதான். இனிமே மீன் புடிக்க இவரைத் தோணியில ஏத்த மாட்டேனு சொல்லிட்டாரு. அதையும் துரைகிட்ட சொல்லு."

பிலோமினா எல்லாவற்றையும் துரையிடம் சொன்னாள். துரை கவனமாகக் கேட்டார். சகாதேவனின் நாடியைப் பிடித்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். பிறகு நீளமாகப் பேசினார்.

"இன்னா சொல்றாரு?"

"கொறைக்கணுமாம்."

"கொறைக்கிறதா?" சகாதேவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டுக்கே தூக்கம் வரலைன்றேன்!"

"அதுக்குத்தான். உன் ஒடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு. இன்னிக்கு நாலு கேக்கும், நாளைக்கு எட்டு கேக்கும். தூக்கத்துக்காகக் கேக்கல தம்பி, மருந்துக்காகக் கேக்குது."

"அப்போ ஒண்ணும் வேணாம். இன்னியோட வுட்டுத் தொலைக்கிறேன்."

"ஐயையோ, அதுவும் கூடாது!" பிலோமினா பதறிக் கையை ஆட்டினாள். "ஒரேயடியா நிறுத்தினா கைகால் நடுங்கும், வயித்தைப் பிசையும், இருக்கிற கொஞ்சம் தூக்கமும் போயிடும். அமாவாசை வரைக்கும் ஒண்ணரை. அப்புறம் ஒண்ணு. அப்புறம் பாதி. அந்தப் பாதியிலயும் பாதி. நடுவுல ஒரு ராத்திரி தூக்கம் வரலைனு பழையபடி ஏத்திடாதே. வேலம்மா, மாத்திரை உன் கையிலதான் இருக்கணும்."

துரை ஒரு துணிப்பை நிறைய மாத்திரை எடுத்து நீட்டினார்.

"கொறைக்கச் சொல்லிட்டு இம்மாம் குடுக்கறாரே?" என்றான் சகாதேவன்.

"அடிக்கடி நீ தோணி கட்டிக்கினு வர வேணாம்னுதான்," என்றாள் பிலோமினா.

படகுத்துறை வரைக்கும் அவளே கூட வந்தாள். சகாதேவன் தோணியைத் தள்ளப் போனதும் வேலம்மா மெல்லக் கேட்டாள்.

"இவரால முடியுமாக்கா?"

"முடியும்." என்றாள் பிலோமினா. "எங்க வூட்டுக்காரரு தானியேலும் இதே மாத்திரைதான். ஒருநாள் வீம்புக்கு மொத்தமா நிறுத்தினாரு. கொஞ்ச நாள் தரையில உருண்டாரு. தாங்க முடியாம ஒரு சாயங்காலம் பழைய அளவையே அள்ளிப் போட்டுக்கினாரு. எழுந்திரிக்கவே இல்ல. மெதுவா எறங்கணும்னு அவருக்குச் சொல்ல ஆள் இல்ல. உன் புருசனுக்கு இருக்கு. தைரியமா போ."

வேலம்மா தைரியமாகத்தான் இருந்தாள். சகாதேவன் கெஞ்சினான், கத்தினான், கஞ்சிச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். "துரை சொன்ன அளவுதான்," என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு அவள் வேறு சட்டியில் கஞ்சி ஊற்றி வைத்தாள். பகலில் அவன் கண் சொருகும்போதெல்லாம் கிழிந்த வலையை மடியில் போட்டாள். அவன் திட்டிக்கொண்டே பின்னினான். ஒன்று பாதியானபோது பகல் மயக்கம் தெளிந்தது. பாதியும் குறைந்து கால் மாத்திரை ஆனபோது, தம்பியை நினைத்து முதன்முறையாக வாய்விட்டு அழுதான். அழுத களைப்பில் அப்படியே தூங்கியும் போனான்.

வாடைக்காற்று தொடங்கியதும் மைத்துனனே வந்து தோணிக்குக் கூப்பிட்டான். பையில் மிச்சமிருந்த மாத்திரைகளை வேலம்மா ஏரியில் கொட்டினாள்.

அதற்குப் பிறகுதான் சகாதேவன் ஒரு கூடை மடவை மீனோடு கோட்டைக்கு வந்தான். துரையின் காலடியில் கூடையை இறக்கி வைத்துக் கும்பிட்டான்.

"நல்லா தூங்கறேன்னு சொல்லுக்கா. அவரு சொன்னதுல ஒண்ணும் மீறலைனு சொல்லு. அவரு எனக்குத் தெய்வம்னு சொல்லு!"

பிலோமினா சொன்னாள். துரைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. சகாதேவனின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவளிடம் தன் மொழியில் சொன்னார்:

"பார்த்தாயா? அன்றைக்கே அளவை இரண்டு மடங்காக ஏற்றச் சொன்னேன். எப்படித் தேறிவிட்டான் பார்! ஆயுசுக்கும் விடாமல் சாப்பிடச் சொல்."

"துரை இன்னா சொல்றாருக்கா?" என்றான் சகாதேவன் ஆவலாக.

"மாத்திரை கீத்திரைனு இனிமே இந்தப் பக்கமே வரக் கூடாதாம்," என்றாள் பிலோமினா.