மூடும் உத்தரவு

2009 செப்டம்பர் 14, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றே கால். வானம் மூடியிருந்தது, மழை பெய்யவில்லை. நெருப்பெரிச்சலில், அங்கமுத்துவின் பனியன் கம்பெனி வாசலில் சுகாதாரத் துறை ஜீப் நின்றிருந்தது.

அங்கே பன்றிக் காய்ச்சல் கண்ட தையல் பெண்களில் மூவர் இறந்துவிட்டனர். எதை மூடினால் இது நிற்கும் என்பதை முடிவு செய்ய வந்து, ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார், அதிகாரி சித்ரகலா.

"சரக்கு கப்பலேறோணுங்க மேடம். இப்ப மூடுனா மறுக்காத் தொறக்கவே முடியாதுங்க," என்றார் அங்கமுத்து.

"உங்க சரக்கு கப்பலேறிடுங்க. அந்தப் புள்ளைங்க?" என்றார் டாக்டர் முகிலன். மூவருக்கும் வைத்தியம் பார்த்த தனியார் மருத்துவமனையின் உரிமையாளர் அவர். "காய்ச்சல் தணிஞ்சப்புறம் நுரையீரல்ல கிருமி ஏறுதுங்க மேடம். எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேக்கல. எப்படிக் கேக்கும்? தலைவலிச்சாலே மெடிக்கல்ல ஒரு செட்டு மாத்திரை வாங்கி முழுங்குற கூட்டம்!"

"மூணு பேருக்கும் ஒரே கிருமியா?"

"அச்சு அசலா ஒண்ணுதாங்க."

"நீங்க சேர்க்கும்போதே சளியில இருந்துச்சா?"

"அப்ப இல்லைங்க. ஐ.சி.யூ.ல வெச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

சித்ரகலா, கம்பெனி விடுதிக் காப்பாளர் ரோஸ்மேரியிடம் திரும்பினார். "வேற யாருக்கும் காய்ச்சல் வரலையா?"

சொல்லாதே என்று அங்கமுத்து கண்ணால் கெஞ்சினார். ரோஸ்மேரி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"பத்துப் பதினஞ்சு புள்ளைகளுக்கு வந்துச்சு மேடம். ஆஸ்பத்திரிக்கு மாட்டேன்னு ஒரே அழுகை. தனி ரூம்ல போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தேன்."

"மாத்திரை?"

"அதே மெடிக்கல் செட்டுதான். எல்லாவளும் எந்திரிச்சு இப்ப மிஷின்ல உக்காந்திருக்காளுவ."

"கேட்டீங்களா? நோயாளிகள ஒளிச்சு வெச்சு வேலை வாங்கறாருங்க!" முகிலன் மேசையில் அறைந்தார்.

அங்கமுத்து ரோஸ்மேரியை முறைத்தார். நாலு வார்த்தையில் கம்பெனியை முடித்துவிட்டாள் பாவி.

சித்ரகலா பேனாவைத் திறந்தார். உத்தரவை எழுதினார்; ஒருமுறை படித்துப் பார்த்தார்; கையெழுத்திட்டார்.

அங்கமுத்து எழுந்து கையை நீட்டினார். தாள் அந்தக் கையைக் கடந்து சென்றது.

"உங்க ஐ.சி.யூ.வை மூடுங்க, டாக்டர்."