சாகாத சிப்

"அண்ணி, இன்னும் உசுரோட இருக்கா?"

கதவை முழுதாகத் திறக்காமல் தலையை மட்டும் நீட்டிக் கேட்டான் கொழுந்தன்.

"பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்காத. உள்ள வா. உன் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அலுவலகத்தில் அந்த அறைக்கு எமலோகம் என்று பெயர். மெமரி சிப்புகளை அவை சாகும்வரை எழுதவைப்பது அவள் வேலை. எழுது, அழி, மறுபடி எழுது. யார் கொண்டுவந்த சிப்பானாலும் அவள் கையில் ஒருநாள் உயிரை விட்டே ஆக வேண்டும்.

இந்த முறை மூன்று சிப்புகள். குறைமாதக் குழந்தைகளுக்கான சுவாசக் கருவியில் வைக்க ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு வெளியிலிருந்து வந்தவை. மூன்றாவது, இதே கட்டடத்தின் மாடியில் கொழுந்தனும் அவன் குழுவும் வடிவமைத்தது. அது தேறாவிட்டால் குழுவையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. முடிவு இன்றைக்கு.

அவள் சலுகை காட்டிவிட்டாள் என்று ஒருவரும் பேசக்கூடாது என்பதற்காகவே, சோதனை முடியும்வரை அவன் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாதென்று சட்டம் போட்டிருந்தாள். வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் அதே சட்டம்தான். குழம்பைப் பற்றிப் பேசலாம். சிப்பைப் பற்றிக் கூடாது.

இயக்குநர் உள்ளே வந்தார். விற்பனைப் பிரிவிலிருந்து புதிதாக வந்தவர்.

"எந்தச் சிப்பு மேடம் நிக்குது?"

"ரெண்டு போய்ச் சேர்ந்துடுச்சு சார். இவனோடது மட்டும் அசைஞ்சு கொடுக்கல."

"எனக்கு விக்கத்தான் தெரியும். புரியிற மாதிரி சொல்லுங்க. இது எப்படிச் சாகும்?"

"உள்ள கதவு, ஜன்னல் எதுவும் இல்லாத குட்டிக் குட்டி அறைங்க சார். அறைக்குள்ள எலக்ட்ரான் இருந்தா ஒரு அர்த்தம், இல்லைன்னா இன்னொரு அர்த்தம். வெளிய ஓட வழியே கிடையாது. அதனாலதான் கரண்ட் போனாலும் மறக்காது. பத்து வருஷம் கழிச்சுக் கேட்டாலும் சொல்லும்."

"கதவே இல்லாம உள்ள எப்படிப் போகும்?"

"சுவத்து வழியாத்தான். வோல்டேஜை ஏத்தி நெட்டித் தள்ளணும். தள்ளத் தள்ளச் சுவர் நைஞ்சு போகும். ஒருநாள் ஒழுக ஆரம்பிச்சா அதோட கதை முடிஞ்சுது."

இயக்குநர் இறந்துபோன முதல் சிப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு என்ன குறை?"

"அது ஃப்ளாஷ் ரகம். நிறையக் கொள்ளும், விலையும் கம்மி. ஆனா ஒரு வார்த்தையை மாத்தணும்னா கரும்பலகை முழுக்கத் துடைக்கணும். சீக்கிரமே போயிடுச்சு. அடுத்தது தேவையான எழுத்தை மட்டும் அழிச்சு எழுதுற ரகம். நிதானமான ஆளு. நல்லாவே தாங்குச்சு. தம்பியோடதும் அதே ரகம்தான் சார். ஆனா அது செத்து எத்தனையோ மாசமாச்சு, இது இன்னும் முதல் நாள் மாதிரியே இருக்கு."

கொஞ்சம் நிறுத்தி, வேண்டாவெறுப்பாகச் சொல்வதுபோல் சேர்த்தாள். "இத்தனை வருஷத்துல நான் தோத்தது இதுகிட்ட மட்டும்தான்."

கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான். அண்ணி எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவளுக்கோ, கடந்த சில வாரங்களாகப் படுத்தால் அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. வீட்டில் ஒழுகுகிற குழாயை அடைக்கத் தெரியாதவன், மனித முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத சுவரை எப்படி இப்படிக் கட்டினான்? பொறாமையாகக்கூட இருந்தது.

"என்னப்பா மாயம் பண்ணின?" என்றார் இயக்குநர்.

"சுவர் எல்லாரும் கட்டுற சுவர்தான் சார். எழுதற முறையில சின்னதா ஒரு வேலை பண்ணினோம்."

"இவன் அடக்கத்தைப் பாருங்க மேடம். சரி, முடிஞ்சுது. கருவியில இதையே வச்சிடலாம். உங்க குழு எங்கயும் போகாது."

வராந்தாவில் காத்திருந்தவர்களுக்குச் சேதி எட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். இயக்குநர் அவர்களோடு கைகுலுக்க வாசலுக்கு நகர்ந்தார்.

கொழுந்தன் முதன்முறையாக அவள் திரைக்கு அருகில் வந்து குனிந்தான். சிரித்துக்கொண்டே பார்த்தவனின் முகம் மெல்ல வெளுத்தது.

"அண்ணி, ஒவ்வொரு தடவையும் என்ன எழுத வச்சீங்க?"

"மூணுக்கும், எல்லாத் தடவையும் அதே ஒரே எண்தான். எந்தச் சிப்பும் அழிச்சிட்டுத்தானே திரும்ப எழுதும்? எதை எழுதினா என்ன? ஏன், என்ன இப்போ?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். வெளியே அவன் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"சார், ஒரு நிமிஷம். அதைக் கருவியில வைக்காதீங்க."

இயக்குநர் திரும்பினார். "என்னப்பா உளறுற?"

"குழந்தைங்க கருவியில நிமிஷத்துக்கு நிமிஷம் எண் மாறும். அங்க இது எத்தனை நாள் தாங்கும்னு எனக்குத் தெரியாது சார்."

"இத்தனை மாசமா ராப்பகலா எழுதிட்டுச் சாகாம இருக்குன்னு உங்க அண்ணியே சொல்றாங்களே."

"எழுதல சார். வர்ற எண்ணும் உள்ள இருக்குற எண்ணும் ஒண்ணா இருந்தா சுவத்தைத் தொடாதேன்னு நாங்கதான் அதுக்குச் சொல்லி வச்சிருக்கோம். அது முதல் நாள் ஒரே ஒரு தடவை எழுதினதோட சரி."