இருபது நாள் வரைபடம்

“மெஷினுக்கு வேலையே இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் குழந்தை மாதிரி மூச்சு விடறார்” என்று டெக்னீஷியன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் பார்த்தாள். மூக்குத்தண்டில் சிவந்திருந்த தடத்தை விரலால் தேய்த்துக்கொண்டாள். கண்ணாடி போட்ட தடமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டான்.

தூக்கத்தில் முகமூடி வழியே மூச்சுக்குத் துணைநிற்கும் கருவி அது. ஒவ்வொரு மூச்சும் அதன் நினைவக அட்டையில் பதிவாகும். முதல் மாதம் பழைய முறை: எப்போதும் ஒரே அழுத்தம். இந்த மாதம் புதிய முறை: மூச்சை அளந்து, குறைகிற காற்றை மட்டும் தள்ளும். நாள்பட்ட நோயில் நைந்துபோன நுரையீரலுக்கு எது உகந்தது என்று ஒப்பிடுவது அவன் வேலை. ஓடாமல் கிடக்கும் கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் அவன் வேலைதான்.

“நமக்கு நடுவுல படுக்க ஒரு மாமியார்” என்று கருவியைப் பெற்றுக்கொண்ட அன்று கணவர் சொன்னதும், இவள் வாய்விட்டுச் சிரித்ததும் அவனுக்கு நினைவிருந்தது. மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டான். அந்தக் கருவியின் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை என்றாள், சிரிக்காமல்.

புதிய முறையிலும் முதல் பத்து நாள் நிமிடத்துக்கு இருபத்தெட்டு மூச்சு. பதினோராம் நாள் முதல் பதினான்கு. உடம்பு பழகப் பத்து நாள் பிடித்திருக்கிறது என்று விளக்கினான். அவர் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அவரால் வர முடியாது என்று மட்டும் சொன்னாள்.

புதிய முறையையே தொடர்வதற்கான ஒப்புதல் படிவத்தை நீட்டினான். பொடி எழுத்தை ஒரு வரி விடாமல், கண்ணாடி இல்லாமலே படித்தாள். கையெழுத்திடவில்லை.

“யோசிக்காதீங்கம்மா, மெஷின் உங்ககிட்டயேதான் இருக்கும். வெளியே ஒருத்தர் உக்காந்திருக்காரே, பழைய மோடுலயே ஓரளவு தேறிட்டார். இதைப் பார்த்துட்டு அவருக்கும் இன்னிக்கே மாத்தப்போறோம். எல்லாம் உங்க வீட்டுக்காரர் புண்ணியம்.”

கதவிடுக்கில் அந்த மனிதர் தெரிந்தார். ஆக்ஸிஜன் உருளையை அணைத்தபடி, உதட்டைக் குவித்து மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். அருகில் அவர் மனைவி, தண்ணீர்ப் புட்டியைத் திறந்து, அவர் கேட்பதற்காகக் காத்திருந்தாள்.

அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

“அவருக்கு மாத்தாதீங்க, தம்பி.”

“ஏம்மா?”

“என் வீட்டுக்காரர் கண்ணை மூடி இருபது நாளாச்சு. அது என் மூச்சு.”