ஒரு பிஸ்கட் டின் அளவு

வெள்ளவத்தை ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில், கேதீஸ் தன் பழைய கிரிக்கெட் வீரர் படக் கார்ட்டுகளை முன் ஹோல் தரை முழுக்கப் பரப்பிவைத்திருக்கிறான். ஒரு பிஸ்கட் டின்னில் அடங்குவது மட்டுமே இனி வீட்டில் இருக்கலாம் என்பது மனைவி சுகிர்தாவின் கட்டளை. டின் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. கடற்பக்க ஜன்னலால் அந்திவெயில் சரிந்து விழ, கார்ட்டுகளில் மங்கிப்போன வெள்ளை உடுப்புகளெல்லாம் ஒளிர்கின்றன. ஓடிவருபவன், பாய்ந்து பிடிப்பவன், மட்டையை உயர்த்தி நிற்பவன். கீழே கரையோர ரயில் போகிறது. தரை அதிர்ந்து, அத்தனை பேரும் மெல்ல அசைகிறார்கள். "இஞ்சேருங்கோ, எத்தினை கழிச்சாச்சு?" என்று கேட்டபடி தேத்தண்ணியோடு வரும் சுகிர்தா, ஹோல் வாசலிலேயே நின்றுவிடுகிறாள். "நீரே சொல்லும், ஆரை அனுப்புறது?" என்கிறான் கேதீஸ். அவள் கோப்பையை ஓரமாக வைத்து, வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவரையும் மிதித்துவிடாமல் நுனிக்காலில் உள்ளே வருகிறாள்.