பின்னால் வந்த தூசி

“இன்னும் வேகமா போ, லார்ன். மரங்களுக்குள்ள நுழைஞ்சுட்டா நம்மள யாராலயும் பார்க்க முடியாது,” என்றாள் ஆர்டித்.

கோதுமை வயல்களுக்கு நடுவே மண்சாலை நேராக நீண்டது. ஒளிய ஒரு புதர்கூட இல்லை. தூரத்தில் பைன் மரங்கள் அடர்ந்த, சைப்ரஸ் என்று பெயர் மட்டும் கொண்ட குன்றுகள் கருப்பாக எழுந்து நின்றன. அங்கே ஏரிக்கரையில் திருமணப் பதிவாளர் காத்திருந்தார்.

“பின்னால தூசி கிளம்புது பாரு. உங்க டேலோட வண்டிதான். அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு அப்பவே சொன்னேன்.”

“சொல்லியிருந்தா வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டான். பயமா இருந்தா நீ இறங்கிக்கோ, நான் ஓட்டிட்டுப் போறேன்.”

“போய் யாரைக் கட்டிக்குவ?” லார்ன் சிரித்தபடி வேகத்தைக் கூட்டினான்.

குன்றடிவாரத்தில் இருந்த வனப்பூங்காவின் வாயிலைக் கடந்ததும் மரங்கள் அவர்களை மூடிக்கொண்டன. ஆனாலும் ஏரிக்கரையில் இறங்குவதற்குள் டேலின் வண்டி பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. ஆர்டித் லார்னின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“நான் திரும்பி வர மாட்டேன், டேல்.”

“யாரு கூப்பிட்டா?” டேல் ஒரு டப்பாவை நீட்டினான். “பிரஷர் மாத்திரையை மறந்துட்டு ஓடி வந்தா எப்படிம்மா? எழுபது வயசுல ஓடிப்போறவங்க அதையாவது எடுத்து வச்சுக்க வேணாமா?”

“நாங்க வர்றது உனக்கு எப்படிடா தெரியும்?”

“நீங்க கிளப்புன தூசி எங்க அடுப்படி ஜன்னல்லயே தெரிஞ்சுது. இந்த வெயில்ல லார்ன் கோட்டு போட்டா வேற என்ன விசேஷம்? வா, சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்ல. என் பொண்டாட்டியும் வந்திருக்கா.”

ஆர்டித் டப்பாவை வாங்கி லார்னின் கோட்டுப் பையில் போட்டாள்.

“இனிமே இது இவன் பொறுப்பு.”