அஞ்சு பேருக்கு ஒரு ரிசார்ட்

"விடியக்காலையில நாலரைக்கு எழுந்து ராட்டினம் சுத்துறதுக்குப் பேரு லீவா?" என்றார் கண்ணாடி போட்டவர்.

"பின்ன, பத்து மணி வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்க அவ்வளவு தூரம் போகணுமா? அதை வீட்டுலயே செஞ்சா போச்சு," என்றார் பக்கத்து நாற்காலி அம்மா.

டிராவல்ஸ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அவர் தலையெழுத்து அப்படி. இன்று ஐந்து மணிக்குள் ஒரு தீம் பார்க் ரிசார்ட்டாவது பதிவாகவில்லை என்றால், நாளையிலிருந்து மாடியில் உட்கார்ந்து விசா பாரங்களில் போட்டோ ஒட்ட வேண்டியதுதான் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். மணி நாலு இருபது. மேனேஜர் கேபினை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"சார், மேடம், சண்டை வேண்டாம். எங்க கடை முறையே இதுதான். முதல்ல உங்க பயண குணம், அப்புறம்தான் ரிசார்ட். எத்தனை பேர்?"

"பெரியவங்க ரெண்டு, பசங்க மூணு."

"பசங்க வயசு?"

"பன்னிரண்டு, ஒன்பது," என்றார் அவர்.

"பதினொண்ணு," என்று அந்த அம்மா சேர்த்தார்.

நடுப்பிள்ளையை அப்பன் மறந்தே போய்ட்டான் பாரு என்று நினைத்துக்கொண்டே டிராவல்ஸ்காரர் எழுதினார். பிறகு முதல் படத்தைப் பிரித்தார்.

"இது பார்க் வாசல்லயே இருக்கு. கேட் திறக்க அரை மணி முன்னாடியே உள்ள விட்டுடுவாங்க. ஓடி ஓடி எல்லா ரைடும் ஏறிடலாம்."

"இதுதான்! இதையே போடுங்க," என்றார் அம்மா.

"ஐயையோ, நான் என்ன தீயணைப்பு வண்டியா?" என்று அலறினார் அவர். "இவங்க ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவு நர்ஸ். ஊரே ஸ்ட்ரெச்சர்ல கிடக்கிற மாதிரிதான் நடக்கிறாங்க. மத்தியானம் லிஃப்ட் வர ரெண்டு நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள அஞ்சு மாடி படியேறிப் போய்ட்டாங்க."

"இவர் மட்டும் என்னவாம்? அச்சகத்துல பிழை திருத்துறவர். ஹோட்டல்ல மெனு கார்டைக் கையில கொடுத்தா, என்ன வேணும்னு சொல்லாம தப்பு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கார். பதினாலு தப்பாம்! என் சூப் ஆறி அவலாயிடுச்சு."

"பதினஞ்சு," என்று திருத்தினார் அவர்.

டிராவல்ஸ்காரருக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பொண்டாட்டியை 'இவங்க' என்று சொல்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார். நன்றாகத்தான் பழக்கி வைத்திருக்கிறாள் மகராசி.

"அப்ப இது. ஏரிக்கரை, பால்கனி, சத்தமே இருக்காது. பார்க்குக்குப் படகுல போகலாம்."

கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்தது. "இருபது நிமிஷத்துக்கு ஒரு படகுன்னு போட்டிருக்கு. அருமை. ஆற அமர போகலாம்."

"மூணு பசங்களையும் கரையில இருபது நிமிஷம் நிக்க வெச்சா, படகு வர்றதுக்குள்ள ஒண்ணு ஏரியில இருக்கும்," என்றார் அம்மா.

மணி நாலு நாற்பது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், டிராவல்ஸ்காரர் மேனேஜரைப் பார்த்தார்.

"கடைசியா இதைப் பாருங்க. பத்து நிமிஷம் நடந்தா பார்க். இந்தப் பக்கம் நீச்சல் குளம், நிழல், நாற்காலி. ஓடுறவங்க ஓடலாம், படுக்கிறவங்க படுக்கலாம். ஒரே விஷயம், பெரிய ரோலர் கோஸ்டர்ல ஏற நாலேகால் அடி உயரம் வேணும்."

அவர் அந்த அம்மா பக்கம் சாய்ந்து, "பாப்பா அவ்வளவு உயரம் இருப்பாளா? பயப்பட மாட்டாளே?" என்று மெதுவாகக் கேட்டார்.

பெத்த பொண்ணு உயரம்கூடத் தெரியாத அப்பன்! இதெல்லாம் ஒரு ஜென்மம் என்று டிராவல்ஸ்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"அவளா பயப்படுவா? முதல் வரிசை வேணும்னு அடம் பிடிப்பா. உங்க பெரியவன் எப்படி?"

"வாந்தி எடுப்பான்."

வாந்தி எடுத்தால் அப்பா பிள்ளை, முதல் மார்க் எடுத்தால் அம்மா பிள்ளை. எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

"அப்ப அவன் பக்கத்துல நான் உக்கார்றேன்," என்றார் அம்மா. "எனக்கு அது தினப்படி வேலை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ரூம்?" என்று டிராவல்ஸ்காரர் அவசரப்படுத்தினார். "அஞ்சு பேருக்கும் ஒரே பெரிய ரூமா, இல்ல நடுவுல கதவு வெச்ச ரெண்டு ரூமா?"

வந்ததிலிருந்து வாய் ஓயாத இருவரும் இதற்கு மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்துக்கு இன்னும் எட்டே நிமிடம். டிராவல்ஸ்காரர் பாரத்தை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு ரூம்," என்றார்கள் ஒரே நேரத்தில்.

"கதவைப் பூட்ட வேண்டாம்," என்றார் அவர்.

அம்மா பேனாவை எடுத்தார். எடுத்தவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. "காலையில பசங்களைக் கூட்டிக்கிட்டு நான் ஓடுறேன். நீங்க தூங்கி எழுந்து நிதானமா வாங்க. அதுக்காக என்னைத் திட்டக் கூடாது. சரியா?"

"வரும்போது எல்லாருக்கும் டிபன் வாங்கிட்டு வர்றேன். ஏன் லேட்டுன்னு கேக்கக் கூடாது."

"கேப்பேன்," என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார் அம்மா.

மேனேஜர் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கேபினுக்குள் போனார். டிராவல்ஸ்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த குஷியில், பாரத்தில் காலியாக இருந்த கடைசிக் கட்டத்தையும் விடவில்லை.

"மேடம், கல்யாண நாளைச் சொன்னா அன்னிக்கு ரூம்ல கேக் வைப்பாங்க. உங்க கல்யாண நாள் என்னிக்கு?"

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். "என்னிக்கு வெச்சுக்கலாம்?"

"நாமளே இன்னிக்கு மத்தியானம்தானே முதல் தடவையா பார்த்துக்கிட்டோம்," என்றார் அவர். "உங்க பொண்ணும் என் பசங்களும் முதல்ல ஒருத்தரை ஒருத்தர் பார்க்கட்டுமே."