கத்திரிக்கு ஏது சாம்பல்சத்து?

"திருட்டு வெடியுப்பு இல்லாம இப்படிக் காய்க்காது காளீஸ்வரா! எழுதியே தாரேன்."

சங்கரலிங்கம் அண்ணாச்சி கை நீட்டிய இடத்தில் முத்துப்பேச்சியின் கத்திரிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்து, காய்ப் பாரம் தாங்காமல் குச்சியில் சாய்ந்து நின்றன.

அண்ணாச்சி பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருசம் போர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். இப்போது அந்த நாற்காலியில் காளீஸ்வரன். முத்துப்பேச்சிக்கு அங்கே பட்டாசு மருந்தில் சேர்க்கிற வெடியுப்பைச் சலிக்கிற வேலை. அதில் ஒரு பிடி வீட்டுக்கு வந்தது தெரிந்தால் மறுநாள் கேட்டுக்குள் கால் வைக்க முடியாது. அண்ணாச்சி செல்போனில் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் காளீஸ்வரன் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

"எத வச்சுச் சொல்றீக அண்ணாச்சி?"

"இலைய வச்சுத்தான்! அடி இலை முழுசா மஞ்சளாச்சுன்னா தழைச்சத்து இல்ல. கொழுந்துல நரம்பு மட்டும் பச்சையா நின்னு மத்தது வெளுத்தா இரும்புச்சத்து இல்ல. அடி இலை ஓரம் கருகினா சாம்பல்சத்து இல்ல. இந்தத் தெருவுல பதினோரு வீட்டுச் செடியும் ஓரம் கருகிக் கெடக்கு. இவ செடியில மட்டும் ஒரு இலை கருகல. அம்புட்டு சாம்பல்சத்து இவளுக்கு எங்கேருந்து வந்துச்சு? வெடியுப்புல என்ன இருக்குன்னு ஒனக்கு நான் சொல்லணுமாக்கும்?"

சொல்ல வேண்டாம். வெடியுப்பில் தழைச்சத்தும் உண்டு, சாம்பல்சத்தும் உண்டு. கத்திரிக்காயைப் பார்த்ததும் இந்தச் சந்தேகம் வர, ஆள் சிவகாசிக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு வயிற்றெரிச்சல் இன்னொன்றும் இருந்தது. ஒரு இயற்கை விவசாயக் கூட்டத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து மனுசனுக்குப் பஞ்சகவ்யப் பைத்தியம். சாணி, கோமியம், பால், தயிர், நெய், பன்னிரண்டு பூவன்பழம் எல்லாம் போட்டு இருபது நாள் புளிக்கவைத்து, வாராவாரம் வாளியில் கரைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஒரு பாட்டில் ஊற்றிக் கொடுப்பார். காசு கிடையாது. நாற்றத்துக்கும் குறைச்சல் கிடையாது. அவர் வீடோ முழுக்க சிமெண்டுத் தளம், சொந்தமாக ஒரு துளசிகூட இல்லை.

"ஊத்துனீகளா?" என்று கேட்பார்.

"ஊத்தாம இருப்போமா அண்ணாச்சி! செடி சிரிக்குதுல்ல!" என்பார்கள். போய்ப் பார்த்தால் செடி அழுதுகொண்டிருக்கும். முத்துப்பேச்சியின் செடி மட்டும் நிஜமாகவே சிரித்தது.

காளீஸ்வரன் முத்துப்பேச்சி பக்கம் திரும்பினார். "ஏத்தா, செடிக்கு என்ன போடுற? உள்ளதச் சொல்லிரு."

அவள் வேலியோரம் நின்ற தெருக்காரர்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"திருட்டு முழியப் பாரு!" என்றார் அண்ணாச்சி.

எதிர்வீட்டு நாகையா தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, அது வந்து..."

முத்துப்பேச்சி அவரை முறைத்தாள். நாகையா கப்பென்று வாயை மூடிக்கொண்டார்.

"ஒருத்தரும் பேச வேண்டாம். மண்ணக் கங்குல போட்டாத் தெரிஞ்சுபோகும். வெடியுப்பு இருந்தா படபடன்னு பொரியும்!"

தெருமுனை இஸ்திரி வண்டியிலிருந்து கரண்டியில் ஒரு கங்கு வந்தது. கூட்டம் யாரும் சொல்லாமலே பத்தடி பின்னால் போனது. அந்த ஊர்ப் பழக்கம் அது.

காளீஸ்வரன் வேரடியில் ஒரு பிடி மண் அள்ளினார். புட்டு மாதிரி உதிர்ந்தது. உள்ளே இரண்டு மண்புழு நெளிந்தன.

"உப்பக் கொட்டுன மண்ணுல புழு தங்குமா அண்ணாச்சி?"

"அதெல்லாம் தங்கும், நீ போடுய்யா!" என்றார். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

காளீஸ்வரன் புழுக்களை ஓரமாக விட்டுவிட்டு மண்ணைக் கங்கில் தூவினார். பொரியவில்லை. பேருக்கு ஒரு பொறிகூட இல்லை. ஈர மண் புஸ்ஸென்று புகைந்தது. அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு வாடை! தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது.

பொத்தாதவர் அண்ணாச்சி ஒருவர்தான். கண்ணை மூடி இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"ஏ... இது நம்ம பஞ்சகவ்ய வாடையால்ல இருக்கு! ஆனா ஒரு பாட்டிலுக்கு இம்புட்டு வாடை வராதே?"

பதினோரு வீட்டுக்காரரும் ஒன்றுபோல வானத்தைப் பார்த்தார்கள்.

கடைசியில் நாகையாதான் வாயைத் திறந்தார். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. அத வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டுச் சோறு திங்க முடியல. சாக்கடையில ஊத்துனா நீங்க பாத்துருவீக. அதான், நீங்க அங்கிட்டுப் போனதும் ஆளாளுக்கு இங்கன கொண்டாந்து ஊத்திருவோம். பன்னெண்டு பாட்டிலும் இவ கத்திரிக்குத்தான்."

அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போனது. ஊரைக் கூட்டித் திருடி என்றது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. கும்பிடுவதற்குத் தூக்கிய கை பாதியில் நின்றது.

"ஏத்தா... பொழப்பே போயிருக்குமே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

முத்துப்பேச்சி அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"வேலை போனா வேற கம்பெனி பாத்துக்கிடலாம் அண்ணாச்சி. ரிட்டையராகி ஆறு மாசம் யாருகிட்டயும் ஒரு பேச்சில்லாம சுவத்தப் பாத்துக் கெடந்தீக. இந்த வாளியத் தூக்குன பெறகுதான் வீடு வீடா வந்து சிரிச்சுப் பேசுறீக. தெருவே அதத் தொடலன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"